மாமி வீட்டு மேசையும் உன் தேத்தண்ணிக் கோப்பையும்

என் செல்ல மகனுக்கு உம்மாவின் சலாம்.

உன் சுகத்தை விசாரித்து எழுத எனக்கு இப்போது பொறுமை இல்லை. மாப்பிள்ளையாகப் போகிறவன் சுகமாகத்தான் இருப்பாய். எங்களுக்குத்தான் இங்கே தலைகால் தெரியவில்லை. என் மூத்தவள், உன் ராத்தா, காலையிலிருந்து கலியாணப் பலகாரத்துக்குத் தொதல் சட்டியோடு மல்லுக்கட்டுகிறாள். அவள் புருசன், உன் மச்சான், கேற்றுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டு, அது காயுமுன்னே அதில் சாய்ந்து நின்று தன் சாரனுக்கும் அடித்துக்கொண்டார். ஒலுவில் கேம்பஸில் படிக்கிற என் பேத்தி லீவு போட்டு வந்து நிற்கிறாள். “உம்மம்மா, நீங்க செல்லுங்க, நான் போன்ல அடிச்சுத் தாறன்” என்றாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனாலும் என் மகனுக்கு எழுத என் கை போதும் என்று சொல்லி அவளைத் தொதல் கிண்ட அனுப்பிவிட்டேன். குரலில் பேசி அனுப்பலாம்தான். நீ அதைக் கடையில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாய், கொழும்பு முழுக்கக் கேட்கும். வியாழக்கிழமை நீ கல்முனைக்கு வந்து இறங்கும்போது வீடு நிறையச் சனம் இருக்கும், தனியாகக் கதைக்க ஒரு மூலை கிடைக்காது. அதனால்தான் எழுதி, கொழும்பு பஸ்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். இதோடு ஒரு சின்னப் பொட்டலமும் வரும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிந்து உன்னைப் பாலமுனைக்குக் கொண்டுபோய் விடுவோம் அல்லவா, அங்கே உன் மாமியின் மானம் ஒரு சாப்பாட்டு மேசையின் மேல் கிடக்கிறது. அதைக் காப்பாற்ற உன் ஒரு கை வேண்டும். சிரிக்காதே. முழுதையும் படி.

நம் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. நான் இருந்த வீட்டை உன் ராத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் பின் அறைக்கு வந்தேன். நீ உன் உடுப்புப் பையோடு, உன் பெண்சாதியாகப் போகிற ஹஸ்னாவின் வீட்டுக்குப் போகிறாய். அங்கே இருக்கிற கதிரை, கட்டில், அலுமாரி எல்லாம் அவள் பிறந்த நாளிலிருந்து அவளுடைய உம்மா சிறுகச் சிறுகச் சேர்த்தவை. ஒரு கீறல் விழுந்தால் அது மரத்தில் விழாது, அந்த மனுசியின் தோலில் விழும். எனக்கோ உன் கையைத் தெரியும். வெளியில் போய் வந்தால் மோட்டார்சைக்கிள் திறப்புக் கொத்தை மேசையில் எறிகிற கை. குளித்துவிட்டு ஈரத் துவாயைக் கதிரை முதுகில் போடுகிற கை. பரீட்சைக்குப் படிக்கச் சொன்னால் கவராய முள்ளை எடுத்து என் அலுமாரிக் கதவில் ஒரு பஸ்ஸைக் கீறி வைத்த கை! நான் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். உன் வாப்பா, அல்லாஹ் அவருக்கு நல்ல இடத்தைக் கொடுக்கட்டும், குனிந்து பார்த்துவிட்டு, “அவன அடியாத புள்ள, டயர் நல்ல வட்டமா வந்திருக்கி” என்றார். அந்த பஸ் இன்றைக்கும் அலுமாரியில் இருக்கிறது. பேத்திக்குக் காட்டி, “உன்ட மாமா கீறின” என்று பெருமை பேசுகிறேன். ஆனால் அது உம்மா வீட்டுச் சலுகை. பாலமுனையில் பஸ் ஓடாது.

உன் புது வீடு கடலுக்குக் கிட்ட இருக்கிறது. காற்றோடு மணல் வரும், காலோடும் வரும். மேசையைக் கீறுவது பெரும்பாலும் கத்தியில்லை, அந்த மணல்தான். தூசி தெரிகிறதே என்று காய்ந்த சீலையால் அழுத்தித் துடைத்தால் மணலை வைத்து நீயே உரஞ்சினது மாதிரி. முதலில் மெல்லத் தட்டிவிட வேண்டும், பிறகு பிழிந்த ஈரச் சீலை, அதன் பிறகு காய்ந்தது. மரத்தின் வரி ஓடுகிற பக்கமாகத்தான் கையும் ஓட வேண்டும். கதிரையை இழுக்காதே, தூக்கி வை. நீ இழுக்காமல் இருக்கமாட்டாய் என்று தெரிந்துதான் அந்தப் பொட்டலம். உன்னுடைய பழைய ரப்பர் செருப்பை வெட்டி, ஒவ்வொரு கதிரைக் காலுக்கும் ஒரு வட்டமாக எடுத்து வைத்திருக்கிறேன். போன கிழமை அளந்துகொண்டுதான் வந்தேன். ஒட்டுமுன் காலைத் துடைத்துக்கொள், மணல் உள்ளே மாட்டினால் ரப்பர் வைத்தும் பயனில்லை. அப்படியும் சின்னக் கீறல் விழுந்தால் பதறாதே. ஒரு கச்சான் கடலைப் பருப்பை உடைத்து, உடைந்த பக்கத்தால் தேய். அதன் எண்ணெயில் கீறல் மங்கிவிடும். மிச்சப் பருப்பை நீ தின்னலாம்.

இனி மேசைக்கு வருகிறேன். வீடு பார்க்க நானும் ராத்தாவும் போயிருந்தோம். சம்மந்திக்காரி, அதுதான் உன் மாமி, அறை அறையாகத் திறந்து காட்டினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது மகனே, என் பிள்ளை இந்த வீட்டிலா இருக்கப் போகிறான் என்று. கடைசியாகத்தான் மண்டபத்துக்குக் கூட்டிப் போனாள்.

“இஞ்ச வாங்க மச்சி, மேசையப் பாருங்க. முழு முதிரை மரம். மருமகன் வந்துதான் இதுல முதல் கை வைக்கணும்.”

எனக்குத் தெரிந்தது பொலித்தீன்தான். தடித்த பொலித்தீனால் மேசையை மூடி, கால்களைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியிருந்தாள். யன்னல் பக்கத்து அந்தத்தில், மாப்பிள்ளை இருக்கப் போகிற இடத்துக்கு முன்னால், பிளாஸ்டிக் ரோசாப்பூ வைத்த ஒரு சின்னக் கண்ணாடிச் சாடி.

“நீங்க ஒருத்தரும் இதுல சாப்பிடல்லயா?” என்று ராத்தா கேட்டாள்.

“நாங்க குசினிக்குள்ள பாய் போட்டுத்தான். புள்ளட கலியாணத்துக்குச் செஞ்ச மேசையில நாம திண்டு வைக்கிறதா?”

கதவடியில் நின்ற ஹஸ்னா, “பக்கத்தால நடந்தாலே உம்மா மூச்ச மெதுவா விடு எண்டு செல்லுவா மாமி” என்றாள்.

“நீ வாயப் பொத்திக்க” என்று உன் மாமி அதட்டினாலும் முகத்தில் அத்தனை பெருமை.

நான் குனிந்து பார்த்தேன். பொலித்தீனுக்கு அடியில் மூடுபனி மாதிரி ஒரு வெண்மை. ஓரத்தில் முத்து முத்தாக ஈரம். மூடி வைத்த அலுமாரிக்குள் ஈரச் சீலை கிடந்தால் ஒரு வாடை வருமே, அதே வாடை. “இத அவிழ்த்து...” என்று வாயெடுத்தேன். ராத்தா என் கையில் கிள்ளிய கிள்ளு இன்னும் கன்றியிருக்கிறது.

திரும்பி வரும்போது ஆட்டோவுக்குள் எங்களுக்குள் சண்டை.

“உம்மா, அந்த மேசையப் பத்தி வாயத் திறக்காதீங்க. மாப்புள வீட்டாக்கள் மேசை சரியில்ல எண்டாங்களாம் எண்டு பொழுதுபட முதல் பாலமுன முழுக்கப் பரவிரும்.”

“நான் மேசை சரியில்லை எண்டா சென்னன்? பொலித்தீன் சரியில்லை எண்டு தானே...”

“கேக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான். புதுசு ஒண்டு கேக்கிறம் எண்டு நினைப்பாங்க.”

அவள் சொன்னது சரி. மாப்பிள்ளையின் உம்மா சும்மா தும்மினாலும் பெண் வீட்டில் அதற்கு ஒரு அர்த்தம் எடுப்பார்கள். ஆனால் பேசாமல் இருந்தால் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை ஊர்ப் பெண்களெல்லாம் கூடி நிற்க, அந்த மனுசி பெருமையோடு கயிற்றை அவிழ்ப்பாள், உள்ளே பூஞ்சணம் பூத்த மேசை இருக்கும். அவ்வளவு பேருக்கு முன்னால் அவள் முகம் எப்படிப் போகும் என்பது எனக்குத்தான் தெரியும். எனக்கு அது நடந்தது.

உன் ராத்தாவின் கலியாணத்தில் நீ சின்னவன், பலகாரத் தட்டைச் சுற்றித்தான் திரிந்தாய். அப்போது நாம் வைத்திருந்த தேக்குச் சோபா நினைவிருக்கிறதா? நீ அதில் ஒரு நாளும் இருந்ததில்லை, நான் இருக்க விட்டதில்லை. அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே வாங்கி, பொலித்தீன் சுற்றி வைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று கைபிடிகளில் மட்டும் உறையைக் கழற்ற மறந்துபோனேன். மச்சானின் மாமி ஒருவர் இருந்து கதைத்துவிட்டு எழும்பினார். வேர்த்த கையோடு பொலித்தீனும் எழும்பியது. பொலித்தீனோடு பொலிஷும் தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்தது! பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குத் தரை பிளந்தால் போய்விடலாம் போல இருந்தது. அந்த மனுசி ஒரு நிமிசம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “ஐயோ மச்சி, பலகாரம் திண்ட எண்ணெய்க் கையோட உங்கட புதுச் சோபாவப் புடிச்சுப் பழுதாக்கிப்போட்டனே!” சொல்லிவிட்டுத் திரும்பவும் இருந்து, உரிந்த இடத்தின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். போகிற வரைக்கும் எடுக்கவேயில்லை. எல்லாரும் சிரித்தார்கள், என்னைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து.

இது மனதில் ஓட ஓட என்னால் இருக்க முடியவில்லை. சம்மந்திக்காரி பலகாரம் அனுப்பிய பீங்கான் நம் வீட்டில் கிடந்தது. வெறும் பீங்கானைத் திருப்பிக் கொடுக்கலாமா? வட்டிலப்பம் வைத்து எடுத்துக்கொண்டு, ராத்தாவுக்குச் சொல்லாமல் பாலமுனைக்குப் போய்விட்டேன். மேசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே குசினிக்குள் போய்ப் பாயில் இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, என் சோபாக் கதையைச் சொன்னேன். நான் நின்ற நிலை, மச்சானின் மாமி எழும்பிய விதம், பொலித்தீன் உரிந்த சத்தம் எல்லாம் நடித்துக் காட்டினேன். உன் மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணி வந்துவிட்டது. பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது. கோப்பையைக் கீழே வைத்தாள்.

“மச்சி, உங்கட சோபாக்கு எப்பிடிப்பட்ட பொலித்தீன் போட்ட?”

“தடிச்சதுதான். நல்லா இரிக்கட்டும் எண்டு.”

அவள் எழும்பிப் போய்க் கத்தியோடு வந்தாள்.

“கத்தி வேணாம் மச்சி, வழுக்கினா அதுதான் பெரிய கீறல்” என்று நான் ஓடினேன். ஹஸ்னாவும் நாங்களுமாக நகத்தாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்த்தோம்.

பொலித்தீனைத் தூக்கினால், மேசை முழுக்க மாவு தூவின மாதிரி வெள்ளை. ஓரங்களில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். உன் மாமி அப்படியே தரையில் இருந்துவிட்டாள். “யா அல்லாஹ், ஊருக்கெல்லாம் செல்லி வச்சிட்டனே! மருமகன் வந்துதான் துறக்கிற எண்டு காணுற ஆக்களுக்கெல்லாம் செல்லி வச்சிட்டனே!” அவள் மேசைக்காக அழவில்லை மகனே. தகப்பன் இல்லாத பிள்ளை, ஒன்றும் குறைய விடக்கூடாது என்று ஒற்றை ஆளாய் நின்று சேர்த்தவள்.

அழுவதற்கு நான் நேரம் கொடுக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு வேகம் வந்துவிட்டது, சொல்லி முடியாது. “இது மரத்துக்குள்ள போன பழுதில்ல, மேல பொலிஷ்ல நிக்கிற ஈரம். எழும்புங்க மச்சி, யன்னலத் துறங்க!” என்றேன். வெயிலில் வைக்க வேண்டாம், வெடித்துவிடும் என்று சொல்லி, மண்டபத்துக்குள்ளேயே கடற்காற்றுப் படத் தூக்கித் திருப்பி வைத்தோம். பூஞ்சணத்தை, வினாகிரியில் நனைத்துப் பிழிந்த சீலையால் துடைத்து உடனே காயத் துடைத்தோம். ஹஸ்னா பழைய சாரனை மடித்து வெள்ளை மேல் விரித்து, இலேசான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓடவிட்டாள். நிறுத்தாமல் ஓடவிட வேண்டும், நின்றால் சுடும். சாரனைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளை போன இடம் தெரியவில்லை! நாங்கள் மூன்று பேரும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மனுசி மதிலுக்கு மேலால் எட்டி, “என்ன புள்ள, கலியாணக் காவின் இண்டைக்கா?” என்று கேட்டாள். ஹஸ்னா யன்னலை மறைத்துக்கொண்டு நின்று, “ஓம் மாமி, அவசரமா வாங்க, சோறு முடியப் போகுது” என்றாள். அந்தப் பிள்ளையின் வாய்க்கு நீ நல்லாய் அகப்படப் போகிறாய். கடைசியில் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு, மர வரி ஓடுகிற பக்கமாக. முதிரை பொன் மாதிரி மின்னியது. ஹஸ்னா கையைத் துடைத்துக்கொண்டு, “மாமி, நீங்க இஞ்ச வந்து இரிங்க. அவர் கல்முனையிலயே இரிக்கட்டும்” என்றாள். உன் மாமி அழுது வடிந்த முகத்தோடேயே சிரித்துவிட்டாள்.

ஆனால் ஒன்று போகவில்லை. அந்தப் பூச்சாடி இருந்த இடம். சாடியின் பாரத்தில் பொலித்தீன் அங்கே அழுந்தி ஒட்டி, பொலிஷைத் தூக்கிவிட்டது. வட்டமாக, வெளிறி, ஒரு வளையம். இஸ்திரிக்கும் அடங்கவில்லை, கச்சானுக்கும் அடங்கவில்லை. மேசை செய்த ஓடாவியாருக்குப் போன் எடுத்தோம். “இப்ப பொலிஷ் போட்டா வெள்ளிக்கிழமைக்குக் காயாது, பீங்கான வச்சா ஒட்டும்” என்றார். மேசை விரிப்புப் போடுவோம் என்றேன். உன் மாமி தலையை ஆட்டினாள். “துறந்து காட்டுற எண்டு செல்லிட்டு மூடி வச்சா, என்னத்த மறைக்கிறா எண்டு விரிப்பத் தூக்கிப் பாப்பாங்க மச்சி. எனக்கு அந்த ஆக்களத் தெரியும்.” அதுவும் சரிதான். சின்ன வளையம்தான். ஆனால் அவள் கண் அதைவிட்டு எங்கேயும் போகவில்லை. சாப்பாடு என்ன செய்வோம், யார் யாருக்குச் சொல்வோம் என்று கலகலவென்று கதைத்துக்கொண்டிருந்தவள், விரலால் அந்த வளையத்தையே தடவிக்கொண்டு நின்றாள். பிள்ளையின் கலியாணத்துக்குச் சந்தோசப்பட வேண்டிய மனுசி, அன்று முழுக்க அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர்கள் இருவரும் குசினிக்குப் போன நேரம் நான் அந்த யன்னல் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். கையில் நான் குடித்த கோப்பை. என்ன நினைத்தேனோ, மெல்ல அந்த வளையத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். வைத்த மாதிரிப் பொருந்தியது! சோபாவில் கை வைத்துக்கொண்டு இருந்தாரே அந்த மனுசி, அவருடைய முகம்தான் முன்னால் வந்தது. ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்தாவுக்குத் தெரியாது, ஹஸ்னாவுக்கும் தெரியாது. இனி உனக்கும் எனக்கும்தான்.

கவனமாகக் கேள். வெள்ளிக்கிழமை உன்னை உள்ளே கூட்டி வந்து அந்தக் கதிரையில் இருத்துவார்கள். பெண்களெல்லாம் சுற்றி நிற்போம். அதுவரைக்கும் அந்த வளையத்தின் மேல் நான் ஒரு பலகாரத் தட்டை வைத்து மறைத்திருப்பேன், உன் கோப்பை வருகிற நேரம் எடுத்துவிடுவேன். உன் மாமி உனக்குத் தேத்தண்ணி கொண்டு வருவாள், கோப்பையின் அடியில் தட்டு இருக்கும். நீ ஒரு வாய் குடி. பிறகு தட்டை ஓரத்தில் தள்ளிவிட்டு, கோப்பையை அந்த வளையத்தின் மேல் நேராக வை. வழமையாக வைக்கிற மாதிரி வை, பார்த்துப் பார்த்து வைக்காதே. ஆறும் மட்டும் எடுக்காதே. பிறகு எடு. வளையத்தை எல்லாரும் காண்பார்கள். நீ பொய் சொல்ல வேண்டியதில்லை, வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். “வந்ததும் வராததுமா மாமிட மேசையில சுடுகோப்பைய வச்சிட்டியே, இப்பிடியா உன்ன வளத்த நான்!” என்று ஊர் கேட்க ஏசுவேன். அது முழுப் பொய்யுமில்லை, ஏச்சு வாங்கத் தகுந்த கைதான் உன் கை. எல்லாரும் சிரிப்பார்கள். மாப்பிள்ளை வைத்த வளையம் என்றால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு அது பழுதில்லை. என் அலுமாரி பஸ் மாதிரி, நாளைக்கு உன் பிள்ளைகளுக்குக் காட்டுகிற சாமானாகிவிடும். வளர்ப்புச் சரியில்லை என்று யாராவது என்னைச் சொன்னால் சொல்லட்டும். என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியும்.

அந்த நேரம் உன் மாமி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் பார்க்கமாட்டேன், பலகாரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். நீயும் பார்க்காதே.

அடுத்த நாளிலிருந்து தட்டு இல்லாமல் ஒரு கோப்பையும் அந்த மேசையில் வைக்கக் கூடாது. திறப்புக்குச் சுவரில் ஒரு ஆணி அடித்துக்கொள், துவாய்க்குக் கொடி கட்டிக்கொள். ஆனால் அந்த மேசையில் ஒவ்வொரு நாளும் இருந்து சாப்பிடு. உன் மாமியையும் குசினிப் பாயிலிருந்து கூப்பிட்டு இருத்திக்கொண்டு சாப்பிடு. வரமாட்டேன் என்பாள், நீ சோற்றில் கை வைக்காமல் இரு, வருவாள்.

தொதல் இறுகிவிட்டதாம், ராத்தா கத்துகிறாள். பஸ்காரர் இப்போது வருவார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே மகனே: தேத்தண்ணியைக் கொண்டு வந்ததும் ஊதி ஆற்றிக்கொண்டு இராதே. கோப்பை சூடாக இருக்கும்போதே வை. ஆறின தேத்தண்ணி என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

உன் உம்மா